மேயர் இல்லாத செல்வ நகரம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்கு வடமேற்கே, மேரிலாந்து மாகாணத்தில், பெதெஸ்டா என்றோர் ஊர் இருக்கிறது. 2020-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கே சுமார் 68,000 பேர் வசித்தார்கள். அந்நாட்டில் செல்வமும் கல்வியும் மிகுந்த ஊர்களில் அது ஒன்று. மரங்கள் நிழல் பரப்பும் வீதிகள், விசாலமான வீடுகள், 1984 முதல் பூமிக்கடியில் ஓடும் ரயில் - ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் அவ்வூருக்கு நகரசபை கிடையாது, மேயர் கிடையாது, ஜனக் கணக்கெடுப்புக்காக வரைந்த கோட்டைத் தவிர ஊரெல்லை என்பதே கிடையாது!

பின்னே ஊரை நிர்வகிப்பவர் யார்? நம் ஜில்லாவுக்கு ஒப்பான 'கவுண்டி'தான். மாண்ட்கோமரி கவுண்டியின் தலைநகர் ராக்வில். பெதெஸ்டாவின் பள்ளிக்கூடங்கள், போலீஸ், ரஸ்தாக்கள் யாவும் அங்கிருந்தே நடைபெறுகின்றன. பக்கத்திலுள்ள சாமர்செட் மிகச் சிறிய ஊர். அதற்கு மேயர் உண்டு. பெரிய பெதெஸ்டாவுக்கு இல்லை!

ஊரின் பெயர் வேதாகமத்தில் வருவது. எருசலேமில் அப்பெயருடைய குளத்தங்கரையில் பிணியாளர் பலர் காத்துக் கிடந்தனராம். 1820-ல் இங்கே எழுந்த மாதாகோயிலுக்கு அப்பெயரை இட்டார்கள். 1871-ல் தபாலாபீஸும் அதையே ஏற்றது. பெயருக்குப் பொருத்தமாக, 1940-ல் தேசிய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இங்கே திறந்து வைத்தார். அதன் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. இது போற்றத் தக்கது.

ஆயினும் நாம் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. நகரசபை இல்லாத இவ்வூரில் எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தது. அது இருந்த இடம் கிரயப் பத்திரம்! இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே மனை பிரித்து விற்றவர்கள் பலர், கறுப்பு இனத்தாருக்கு அவற்றை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதென்று பத்திரத்தில் எழுதினார்கள். சிலவற்றில் யூதருக்கும் தடை இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென்று 1948-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 1968-ல் சட்டமே அவற்றை விலக்கியது.

அடிமைத்தளை நீங்கியோர் குடியேறிய பகுதியும் இவ்வூரின் ரிவர் ரோடில் இருந்தது. கட்டடங்களும் வியாபாரமும் பெருக, அக்குடியிருப்பு மறைந்தது. 1960-களில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும்பின. கறுப்பு இனத்தாரின் மயானத்தின் மேல் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் தளம் போடப்பட்டது. 2021-ல் அச்சொத்தை விற்க ஏற்பாடு நடந்தபோது, மாண்டோரின் சந்ததியாரும் அங்குள்ள சிறு மாதாகோயிலாரும் வழக்குத் தொடுத்தனர். 2024-ல் அது மாகாண உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அக்குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் பிணியுற்றிருந்த ஒருவன், தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்று முறையிட்டதாக வேதாகமம் கூறுகிறது. அக்குளத்தின் பெயரைச் சூடிய ஊரில், தங்களுக்காகப் பேச ஆளில்லாமல் தார்த்தளத்தின் கீழே வெகுகாலம் கிடந்தவர்களும் உண்டு. இப்பொழுது அவர்களுக்காகப் பேச ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதே நமக்கு ஆறுதல்.