உரோமில் கோல் அடித்த தஞ்சாவூர்க்காரர்

டென்மார்க்கின் உதைபந்தாட்டக் கழகங்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இன்று பந்து பழகுகின்றனர். இந்நாட்டின் பழைய ஆட்ட வெற்றிகளுள் 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் கிடைத்த வெள்ளிப் பதக்கமும் ஒன்று. அதே ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தமிழர் இருவர் கோல் அடித்தனர் என்பது அப்பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. ஒருவர் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம். மற்றவர் தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ்.

பலராமின் புகழ் பெரிது. சைமனைப் பற்றிப் பேசுவோர்தான் குறைவு. பம்பாயில் கால்டெக்ஸ் அணிக்கு ஆடிய அவரை, ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்றுனர் எஸ். ஏ. ரஹீம் உரோமுக்கு அழைத்துச் சென்றார். ரஹீம் ஆதியில் பள்ளிக்கூட வாத்தியார்.

இந்தியாவுக்கு வாய்த்த பிரிவோ மிகக் கடினமானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் இந்தியா 2–1 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்ஸுடனான ஆட்டத்தில் அணித் தலைவர் பி. கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டும், முடிவு நெருங்கும் வேளையில் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. பெருவுடனான ஆட்டம் 3–1 எனத் தோல்வியில் முடிந்தது. தோல்வி உறுதியான பின், 88ஆவது நிமிடத்தில் சைமன் அந்த ஒரு கோலை அடித்தார். ஆறுதல் கோல் என்றுதான் அன்று எண்ணியிருப்பார்கள். ஆனால் அதன் பின்னர் இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திற்குத் தகுதி பெறவே இல்லை. ஆதலால் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோல் என்ற பெயர், வேறெவரும் பறிக்காமல், இன்றும் சைமனிடமே இருக்கிறது. விளையாட்டு வீரர் எவரும் விரும்பக்கூடிய பெருமை அல்ல இது.

இந்தியாவை ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்ற அதே ஹங்கேரியை அரையிறுதியில் 2–0 என வீழ்த்தியது டென்மார்க். இறுதியாட்டத்தில் யுகோஸ்லாவியாவிடம் தோற்றாலும், ஹரால்ட் நீல்சன் போன்றோர் அதன் பின் இத்தாலியக் கழகங்கள் வரை சென்றனர். இந்திய வீரர்களுக்கு அப்படி ஒரு வழி திறக்கவில்லை.

சைமன் ஆடுகளத்தை விட்டுப் பயிற்றுனராகத் திரும்பினார். அவர் கைவண்ணம் தெரிந்தது கேரளத்தில். உதைபந்து என்றால் உயிரை விடும் அம்மாநிலம் அதுவரை ஒருமுறையேனும் சந்தோஷ் கிண்ணத்தை வென்றதில்லை. 1973இல் எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில், சைமன் பழக்கிய கேரள அணி ரயில்வே அணியை 3–2 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் மணி.