தகடு வைத்த காலை எப்போது ஊன்றலாம்?

கணுக்கால் முறிந்து, தகடும் திருகாணியும் பொருத்தி வீடு திரும்புபவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "எலும்பு கூடும்வரை காலை அசைக்கவே கூடாது" என்பார் பெரியம்மா. "எண்ணெய் போட்டு உருவினால் வீக்கம் வடிந்துவிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் அன்பால் வருபவை, இரண்டுமே ஆபத்தானவை.

தகட்டின் வேலை எலும்பை இடம் பெயராமல் பிடித்திருப்பது. எலும்பு கூட ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை அசையாமலே கிடந்தால் மூட்டு இறுகி, கெண்டைக்கால் தசை மெலிந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிய பிறகும் சிலர் படி இறங்கத் தடுமாறுவதும், குந்தி உட்கார முடியாமல் தவிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

முன்பெல்லாம் 6 வாரம் வரை காலை ஊன்ற விடுவதில்லை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 2 வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் 6 வாரம் காத்திருந்தவர்களுக்குச் சளைக்கவில்லை எனத் தெரிந்தது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. முறிவின் தன்மையைப் பார்த்து அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரே நாள் குறிக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம்மவரிடையே இவர்கள் குறைவில்லை. எலும்பு மெதுவாகக் கூடும். தகடு அசைந்தாலும் வலி தெரியாது. காத்திருக்கும் காலத்தை மருத்துவர் சில வேளை இரட்டிப்பாக்குவார்.

அனுமதி கிடைத்ததும் பயிற்சி எளிதுதான். பெருவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஃ' வரை எழுதலாம் (பாட்டிமாருக்குப் பிடித்த பயிற்சி!). பாதத்தில் துண்டைச் சுற்றி மெல்லத் தன் பக்கம் இழுக்கலாம். மாலையில் கால் வீங்குவது மாதக்கணக்கில் நீடிக்கலாம். படுத்துக்கொண்டு, நெஞ்சைவிட உயரமாகக் காலைத் தலையணையில் வைத்தால் குறையும்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் உருவவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு திணறினால் 999-ஐ அழைக்க வேண்டும்.

சம்பளம் போகிறதே என்று பிசியோதெராபியைப் பாதியில் விட்டு வேலைக்கு ஓடுபவர்களும் உண்டு. மலேசியாவில் சொக்சோ சந்தாதாரர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்திருந்தாலும் அது வேலை விபத்தாகக் கருதப்படும். மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடப்படும் அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காட்டைக் கோரலாம்.