துணைக்கோளம் சொல்லும் மழைக்கணக்கு மலையில் சரிவருமா?

துணைக்கோளத்தைக் கொண்டு உலகின் எந்த மூலையில் எவ்வளவு மழை பெய்தது என்று இன்று கணக்கிடுகிறார்கள். நம் தெப்ராவுக்கும் ஓர் எண் கிடைக்கும். ஆனால் மலைப்பகுதியில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இதில் உயிர்களும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. 2001 டிசம்பர் 27இல் வாமெய் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அப்போது பெய்த மழையில் குனோங் பூலாயில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். மலைமேல் பெய்யும் மழையைக் குறைத்து மதிப்பிட்டால் அடிவாரத்து மக்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

துணைக்கோளம் மழையை நேரடியாக அளப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்துள்ளது, உள்ளே பனித்துகள் எவ்வளவு என்பவற்றைக் கொண்டே பெரும்பாலும் கணிக்கிறது. இடியோடு உயர்ந்தெழும் மேகத்துக்கு இது ஓரளவு பொருந்தும். மலையிலோ, ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறி, தாழ்வான மேகத்திலிருந்தே கனமாகப் பொழிவதுண்டு. அதன் உச்சியில் குளிர் குறைவு, பனித்துகளும் குறைவு. ஆகவே பெருமழையும் தூறலாகப் பதிவாகிவிடலாம்.

அடுத்தது சராசரி. 1997இல் ஏவப்பட்டு 2015 வரை இயங்கிய டி.ஆர்.எம்.எம். துணைக்கோளத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 28 கிலோமீட்டர். 2014இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். வழிவந்த கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர். 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் உச்சியும் அடிவாரமும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடலாம். உச்சியில் 150 மில்லிமீட்டர், அடிவாரத்தில் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டம் சொல்வது இடைப்பட்ட ஏதோ ஓர் எண்ணைத்தான்.

சரிபார்ப்பது எப்படி? தரையிலுள்ள மழைமானியோடு ஒப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பெய்த நாட்களில் எத்தனையைக் கண்டுபிடித்தது? பெய்யாத நாட்களில் எத்தனை முறை மழை என்றது? அளவு கூடியதா, குறைந்ததா? ஆண்டு மொத்தம் சரியாக இருக்கிறதே என்று மயங்கக்கூடாது. தூறலைக் கூட்டி, பெருமழையைக் குறைத்தாலும் மொத்தம் சரியாக வரும். வெள்ளத்தைக் கொண்டுவருவது பெருமழையே.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. மழைமானிகள் பெரும்பாலும் ஊரும் சாலையும் உள்ள தாழ்வான இடங்களில் இருக்கின்றன. மலைமேல் குறைவு. மேலும், சில துணைக்கோளக் கணக்குகள் மழைமானிகளைக் கொண்டே திருத்தப்படுகின்றன. அதே மானிகளை வைத்துச் சோதிப்பது, விடையைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பதற்கு ஒப்பாகும்.

துணைக்கோளம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மழைமானி வைக்க முடியாத கடற்பரப்பில் அதன் உதவி பெரிது. ஆனால் மலைச்சரிவுக்கு, மலையிலேயே வைத்த மழைமானியும் ஆற்று நீர்மட்டக் கருவியும் தேவை. நீர்ப்பாசன, வடிகால் துறை மழையளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் இணையத்தில் வெளியிடுகிறது. பருவமழைக் காலத்தில் அதைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். துணைக்கோளம் காட்டும் எண் சிறியது என்பதற்காக, மலையடிவாரத்தில் குடியிருப்போர் நிம்மதியாக உறங்கிவிடக்கூடாது.