குறுஞ்செய்தி யாரை அசைக்கும்?

2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, பிரிட்டன் அரசு மக்களிடம் சொன்னது: வீட்டிலேயே இருங்கள், மருத்துவச் சேவையைக் காப்பாற்றுங்கள், உயிர்களைக் காப்பாற்றுங்கள். படித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரிந்துவிடும். மே 10 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அதை மாற்றினார். ‘வீட்டிலேயே இருங்கள்’ போய் ‘விழிப்புடன் இருங்கள்’ வந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் எப்படி விழிப்பாக இருப்பது? ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகள் புதிய வாசகத்தை ஏற்கவில்லை, பழையதையே தொடர்ந்தன.

ஜப்பான் வேறு வழியில் போனது. காற்றோட்டமில்லாத இடம், கூட்டம், நெருங்கி நின்று பேசுவது: இந்த மூன்றையும் தவிருங்கள் என்றது. ஓர் உணவகத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே மூன்றில் எத்தனை உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ‘கவனமாக இருங்கள்’ என்பதில் அந்த வசதி கிடையாது.

தடுப்பூசி வந்தபோது சிக்கல் வேறாக இருந்தது. போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். 2021இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவ அமைப்பில் 93,354 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தடுப்பூசிக்குத் தகுதி பெற்றதாக அறிவிப்பு வந்த மறுநாள் சிலருக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி போனது, சிலருக்குப் போகவில்லை. செய்தி பெற்றவர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் விகிதம் 3.57 சதவீதப் புள்ளிகள் கூடுதல். ‘உங்களுக்கான டோஸ் தயார், வந்து பெற்றுக்கொள்ளுங்கள்’ என்ற தொனியில் எழுதிய செய்திக்குப் பலன் இன்னும் அதிகம். தடுப்பூசியைப் பற்றிய விளக்க வீடியோவைச் சேர்த்து அனுப்பியும் கூடுதல் பலன் தெரியவில்லை. ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று இணையத்தில் தனியாகக் கேட்டபோது வந்த பதில்களோ இந்த முடிவுகளோடு ஒத்துப்போகவில்லை. வாயால் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. அதனால்தான் ஊருக்கெல்லாம் அனுப்புமுன் ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்படியானால் நல்ல வாசகம் கிடைத்தால் போதுமா?

அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், அதுவரை ஊசி போட்டுக்கொள்ளாத 1,42,428 பேரிடம் இதே பாணிக் குறுஞ்செய்திகளைச் சோதித்தார்கள். எந்த வாசகமும் எடுபடவில்லை. விருப்பமிருந்தவர்கள் பலர் அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் பலருக்குச் சிக்கல் மறதி அல்ல, தயக்கமும் சந்தேகமும். ஒரு வரி நினைவூட்டல் அதற்குப் பதிலாகாது. அவர்களிடம் பேச அவர்கள் நம்பும் மருத்துவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ தேவைப்படலாம்.