தடிமனும் உடலின் முதற்காவலும்

மாரி தொடங்கியதும் முள்ளியவளையிலே தடிமனும் காய்ச்சலும் வீடுதோறும் புகுவதை நாம் அறிவோம். “இரண்டு நாளிற் போய்விடும்” என்று இருந்துவிடுவோர் பலர். பெரும்பாலும் அது போய்விடுகின்றது. சிலருக்கு மாத்திரம் உயிராபத்தாய் முடிகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் உடலின் காவல் இருவகைத்து. ஒன்று, பிறவியிலேயே அமைந்த இயற்கை நிர்ப்பீடனம். மற்றையது, பகைவனைக் கண்டறிந்து பெறும் நிர்ப்பீடனம். பின்னையது ஒரு புதிய வைரசுக்கு எதிராகப் போதிய பிறபொருளெதிரிகளை ஆக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். அதுவரை களத்தில் நிற்பது முன்னையதே.

இதனை நம் வன்னி வயற்காவலுக்கு ஒப்பிடலாம். மூச்சுக்குழாயின் சளிப்படலமும், அதனை மேனோக்கித் தள்ளும் நுண்பிசிர்களும் வேலி. நுரையீரலின் சிற்றறைகளில் உலாவும் மாதின்கலங்கள் காவலாளர். வைரசு நுழைந்த கலம் இன்ரபெரோன் என்னும் புரதத்தை வெளியிடும். ஒரு காவற்கொட்டிலில் எழும் கூக்குரல் கேட்டு அயற்கொட்டில்கள் விழிப்பதுபோல, அயற்கலங்கள் தம்முள் வைரசு பெருகாதபடி ஆயத்தமாகும். ஆசிய இன்புளுவென்சா உலகிற் பரவிய 1957 ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் ஐசாக்ஸ், லின்டென்மான் என்னும் இருவர் இப்புரதத்தைப் பற்றி வெளியிட்டனர். காய்ச்சலும் உடல் நோவும் பெரும்பாலும் இக்காவலின் விளைவுகளே.

வைரசும் வாளாவிருப்பதில்லை. இன்புளுவென்சா வைரசு தன் புரதமொன்றினால் அக்கூக்குரலை அடக்க முயல்கின்றது. கொவிட்-19 நோயால் உயிராபத்தான நிலையடைந்தோருள் ஏறக்குறைய பத்திலொரு பங்கினரிடம், தம் இன்ரபெரோனையே தாக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தமையை 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. குரல் பிந்தி எழுந்து அளவுகடந்து நீடிப்பினோ, காவலே பயிரை மிதிக்கும். அழற்சி மிகுந்து சிற்றறைகளில் நீர் கட்டும்.

இன்னோர் இடரும் உண்டு. யானை முறித்த வேலியூடாகக் கட்டாக்காலி மாடுகள் புகுவதுபோல, பிசிர்கள் அழிந்து மாதின்கலங்கள் தளர்ந்தபின் பற்றீரியாக்கள் நுரையீரலுட் புகும். இலங்கையையும் இந்தியாவையும் வாட்டிய 1918 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில், உலகெங்கும் மாண்டோருட் பெரும்பாலோரைக் கொன்றது இவ்வாறு பின்வந்த நிமோனியாவே என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு.

ஆதலின், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினும், மூச்சு வாங்கினும், நெஞ்சு நொந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுப்பினும் தாமதமின்றி வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசைக் கொல்லாது. ஆகவே வைத்தியர் சொல்லின்றி அதனை உண்ணலாகாது. அடுப்புப் புகையும் சுருட்டும் பிசிர்களைக் கெடுக்கும் என்பதையும் மறவாதிருப்போமாக. முதியோரும் நீரிழிவு, ஆஸ்துமா உடையோரும் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

மாணவர்காள்! வேலி முறிந்த இரவிலே உறங்காதவனே விளைச்சலை வீடு சேர்ப்பான். இவ்வறிவை உங்கள் இல்லத்து முதியோருக்கும் எடுத்துரைப்பீராக.