பொழுது சாஞ்சா வயலை அளக்காதீங்க!

கடந்த பங்குனியில், இயற்கை விவசாயச் சான்றிதழுக்காக சங்கரன்கோவில் பக்கம் உள்ள என் வயலை அளக்க வேண்டியிருந்தது. வெயிலுக்குப் பயந்து, ராத்திரி எட்டு மணிக்குச் செல்போனும் கையுமாக வரப்பைச் சுத்தி நடந்தேன். பட்டாவில் ஒன்றரை ஏக்கர். போன் காட்டியது 1 ஏக்கர் 62 சென்ட்! மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே வரப்பு, அதே போன்; 1 ஏக்கர் 51 சென்ட்.

அன்னைக்குச் சூரியன்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நம்ம ஊருக்கு அது பொருந்துற காரணம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துது. அங்கிருந்து வர்ற சிக்னல் அயனி மண்டலத்தைத் தாண்டணும். சூரியக் கதிர்கள் மேல்காற்றில் மின்னேற்றம் உண்டாக்கும் அடுக்கு அது. அதில் சிக்னல் கொஞ்சம் தாமதமாகும்; போன் தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போடும்.

பொழுது சாஞ்ச பிறகு இந்த அடுக்கில், கொதிக்கிற கஞ்சி மாதிரி குமிழிகள் எழும்பும். சிக்னல் நடுங்கும், சில நேரம் அறுந்தே போகும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில்தான் இது அதிகம். நம்ம தென் மாவட்டங்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கு. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதனால்தான். பங்குனி, சித்திரையிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் தொந்தரவு கூடுதல். சூரியனின் வேகம் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை உச்சம் தொடும், 2024இல் தொட்டது.

அந்த ஆண்டு மே 10ஆம் தேதி வந்த பெரிய சூரியப் புயலில், அமெரிக்காவில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த ஜிபிஎஸ் டிராக்டர்கள் வரிசை தப்பின. பல விவசாயிகள் வேலையை நிறுத்தி வைத்தார்கள். சூரியனைக் கண்காணிக்க நம்ம நாடு 2023இல் ஆதித்யா-எல்1 அனுப்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரர்.

நமக்கென்ன நட்டம்? பக்கத்து வயலில் ட்ரோன் வைத்து ரசாயன மருந்து அடிக்கும்போது நாலு மீட்டர் தப்பினால், நாம விட்ட இடைவெளி வரப்பு அதோட போச்சு. வருஷக்கணக்கா காப்பாத்தின மண்ணும் சான்றிதழும் கேள்விக்குறிதான்.

என்ன செய்யலாம்?

• காலை 6 முதல் 9 மணிக்குள் அளங்க.

• தென்னை, வேம்பு நிழலும் அளவைக் கெடுக்கும். வெட்டவெளியில் இரண்டு மூன்று நிமிஷம் நின்னு, அப்புறம் நடங்க.

• இரண்டு வேறு நாளில் அளந்து, புலப்படத்தோடும் எல்லைக்கல்லோடும் ஒத்துப் பாருங்க.

• புதுப் போன் வாங்கினால் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் பிடிக்கிறதா வாங்குங்க. இரண்டும் வேறு வேறு அளவில் தாமதமாவதால், போனே தப்பைக் கழிச்சிடும். குமிழிக்கு மட்டும் அதுவும் தப்பாது.

• சூரியப் புயல்னு செய்தி வந்தா ட்ரோன் வேலையை ஒத்திப் போடுங்க. எல்லை ஓரத்தில் எப்பவுமே கைத்தெளிப்பான் போதும்னு பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே பேசிடுங்க.

எல்லைத் தகராறுன்னு வந்தா போன் அளவு செல்லாது, சர்வேயர் அளவுதான். அதனால எல்லைக்கல்லை மண் மூடவிடாம பாத்துக்குங்க. எந்தப் புயலிலும் அது நகராது.