கொள்ளைநோய்க் கணக்கு – 7: கோட்டுக்குக் கீழே உள்ள எண்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் இறந்துபோனார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னாளில் அதையே சொன்னது. டீக்கடையில் அது எடுபடவில்லை. 'ஊசி போட்டார், போய்விட்டார்' என்ற ஒற்றை வரிக்கு முன்னால் எந்த அறிக்கை நிற்கும்?

அதே நாட்களில் தமிழ்நாடு காவல்துறையிடம் ஒரு பதிவு சேர்ந்துகொண்டிருந்தது. காவலர்களில் யார் எந்தத் தேதியில் ஊசி போட்டார், யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், யார் இறந்தார் என்ற பதிவு. ஊரடங்கிலும் செக்போஸ்ட்டில் நின்றவர்கள் இவர்கள். முன்களப் பணியாளர் என்பதால் ஊசியும் முன்னதாகவே கிடைத்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இந்தப் பதிவை எடுத்து ஆராய்ந்தது.

பிப்ரவரி 1 முதல் மே 14 வரையான கணக்கு. மொத்தம் 1,17,524 பேர். கொரோனாவுக்குப் பலியானவர்கள் 31. அவர்களில் 7 பேர் ஒரு டோஸும் 4 பேர் இரண்டு டோஸும் போட்டிருந்தார்கள்.

'செத்தவர்களில் மூன்றில் ஒருவர் ஊசி போட்டவர்' என்று இதையே வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம். பொய்யும் அல்ல. ஆனால் அந்தப் படையில் ஏழு பேருக்கு ஆறு பேர் ஒரு டோஸாவது போட்டிருந்தார்கள். ஊரே குடை பிடித்துப் போகும்போது, நனைந்தவர்களில் குடைக்காரர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

எனவே கோட்டுக்குக் கீழே எழுத வேண்டிய எண்ணையும் எழுதுவோம். ஊசியே போடாதவர்கள் 17,059, இறந்தவர்கள் 20. ஆயிரத்துக்கு 1.17. ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792, ஆயிரத்துக்கு 0.21. இரண்டும் போட்டவர்கள் 67,673, ஆயிரத்துக்கு 0.06. மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸ் 82 சதவீதம், இரண்டு டோஸ் 95 சதவீதம் என்று ஆய்வு சொன்னது இந்த வகுத்தலில் வந்ததுதான். நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒருவருமே ஊசி போடாமல் அதே விகிதத்தில் இறந்திருந்தால், 31 பேருக்குப் பதில் சுமார் 138 பேர்.

இந்த 95ஐ அப்படியே விழுங்கவும் எனக்கு மனமில்லை. வயது, சர்க்கரை, இதய நோய் போன்ற விவரங்கள் கணக்கில் சேரவில்லை. உடம்பு முடியாதவர்கள் ஊசிக்குத் தயங்கியிருந்தால், ஊசி போடாதவர் பட்டியல் தொடக்கத்திலேயே நலிந்த பட்டியல். இன்னொரு சங்கதி, பலர் கவனிக்காதது: இரண்டாம் டோஸ் பட்டியலுக்குள் வருவதற்கே அந்த நாள்வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். முதல் டோஸுக்குப் பின் இறந்தவர், அடுத்த டோஸ் போடும் எண்ணத்தில் இருந்திருந்தாலும், ஒரு டோஸ் கணக்கில்தான் சேருவார். இதனால் இரண்டாம் பட்டியலுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. இருந்தாலும் 1.17க்கும் 0.06க்கும் இடையே ஏறக்குறைய இருபது மடங்கு. அந்தச் சலுகை மட்டுமே இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டிவிடாது.

காவலர்கள் வேலை பார்க்கும் வயதினர். எண்பதைத் தாண்டிய முதியவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாமலே இருந்த ஊரில் 2022 தொடக்கத்தில் கொரோனா பெருமளவில் பரவியபோது என்ன நடந்தது? அடுத்த வாரம் ஹாங்காங்.

(தொடரும்)